கல்லூரிப் பணமும் கடன் பத்திர ஃபண்டும்

வீட்டுப் பணத்தைப் பார்த்துக்கொள்வது சம்பளமில்லாத உத்தியோகம். அதில் மூக்கை நுழைக்க மட்டும் ஊருக்கே உரிமை உண்டு. என்னைப் போல அவதிப்படும் சகோதரிகளே, கேளுங்கள். கீழ்பென்னாத்தூரில் எனக்கு வந்த நிலத்தை விற்றேன். மகள் நித்யா அப்போது பிளஸ் ஒன். ஒன்றரை வருஷத்தில் அவளுடைய கல்லூரிக்கு அந்தப் பணம் குறையாமல் வேண்டும். வேறு வழி கிடையாது.

சார் வரட்டும்

குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் ஃபண்டு வேண்டும் என்று பேங்கில் கேட்டேன். ஆபீசர் இருபது வருஷ இன்ஷூரன்ஸ் பாலிசியை நீட்டினார். “பேரன் பேத்தி எடுத்த பிறகு என் பெண் காலேஜ் போகட்டுமா?” என்றேன்.

படிக்காமல் கையெழுத்துப் போட்டால் முழங்காலில் நிறுத்தும் கான்வென்ட்டில் வளர்ந்தவள் நான். திட்ட விவரத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அரசாங்கத்துக்கும் நல்ல கம்பெனிகளுக்கும் மூன்று வருஷத்துக்குள் திரும்பும் கடன். வட்டி போகிற போக்கைப் பார்த்துப் பத்திரங்களை மாற்ற ஒரு மேனேஜர். நாலு கேள்வி கேட்டேன். ஆபீசருக்கு வியர்த்துவிட்டது. “மேடம், சாரைக் கூட்டிட்டு வாங்களேன். அவர்கிட்ட பேசறது ஈசிங்க.” சார் வராமலே பணத்தை அந்த ஃபண்டில் போட்டுவிட்டு வந்தேன்.

பௌர்ணமி மனை

கொழுந்தன் முரளிக்கும் நித்யா வயதில் ஒரு மகன். அவன் படிப்புக்கு வைத்திருந்த பணத்தில் முரளி அடி அண்ணாமலையில் மனை வாங்கினான். பௌர்ணமிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்த மகராசன்! மறுநாள் அங்கே நாலு ஆடுதான் மேய்ந்தது. அதைச் சொன்னால் சிரிக்கிறான்: “அண்ணி, உங்க ஃபண்டைச் சுத்தி யாருங்க கிரிவலம் வராங்க?”

சிவப்பு எழுத்து

திடீரென்று வட்டி ஏறியது. வட்டி ஏறினால் கையிலிருக்கும் பழைய பத்திரத்தின் விலை இறங்கும். போனில் எங்கள் பணம் சிவப்பு எழுத்தில் குறைந்தது. வீட்டுக்காரர் உடனே விற்கச் சொன்னார். மேனேஜர் சீக்கிரம் முதிரும் பத்திரங்களுக்கு மாறி, வரும் பணத்தைப் புது வட்டியில் போடுகிறார் என்று மாத அறிக்கையில் இருந்தது. விற்க மாட்டேன் என்றேன். வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினார்: “காலேஜ் சீட்டு கிடைச்சு பணம் கம்மியாச்சுன்னா, உன் பொண்ணுகிட்ட நீயே சொல்லிக்கோ.”

மூன்று மணிக்குள்

சீட்டு கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். ஃபண்டை விற்கச் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குள் விண்ணப்பித்தால் அன்றைய விலை. மூன்று மணிக்கு ராகு காலமும் ஆரம்பம். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக என் அவசரமும் வீட்டுக்காரர் பஞ்சாங்கமும் ஒத்துப்போயின.

வியாழக்கிழமை பணம் வந்துவிட்டது, பேங்க் டெபாசிட்டில் போட்டிருந்தால் வந்திருப்பதைவிட ஜாஸ்தியாகவே. நித்யாவுக்குக் கட்டியது போகக் கொஞ்சம் மிச்சம். அன்று மாலையே முரளி வந்து நின்றான். மனையைக் கேட்பார் இல்லை. மகனுக்கும் ஃபீஸ் கட்டக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. காபியைக் கையில் கொடுத்தேன். தலை நிமிராமல் சொன்னான்: “அண்ணி, இந்த வருஷம் மட்டும் கை குடுங்க. மனை வித்ததும் எல்லாத்தையும் உங்க கையிலயே கொண்டாந்து குடுத்துடறேன்.” “மனையைச் சுத்தி அந்த நாலு ஆடாவது கிரிவலம் வருதா?” என்று கேட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் கொடுத்தேன்.

இந்த உத்தியோகத்தில் பணத்தை ஜெயிக்க வைக்கக் கற்றுக்கொண்டேன். ஜெயித்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் இன்னும் வரவில்லை.