இரண்டாம் அணிக்காரர் மலாக்கி டான்சி

மலாக்கி டான்சியை எங்கள் ஊரில் ‘கோட்டுப் போட்ட காளை’ என்றுதான் சொல்வார்கள். மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவருக்கு வேறு என்ன பெயர் கிடைக்கும்? முப்பத்திரண்டு வருடமாக லைட்ரிம் மாவட்டத்தின் இந்த மூலையில் ஒரு தொழுவம் விடாமல் ஏறி இறங்கியவர். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் தேநீர் தண்ணியாக இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வேலை முடிந்து கையைக் கழுவித் துடைத்துக்கொண்டே எல்லா வீட்டிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

“ஞாயித்துக்கிழமை பையன் சும்மாத்தானே இருக்கான்?”

பந்தைக் கையாலும் பிடித்து ஆடுகிற எங்கள் நாட்டுக் கேலிக் கால்பந்து ஆடும் கிளூன்காரிக் கிளப்பின் இரண்டாம் அணிக்கு அவர்தான் மேலாளர், பயிற்சியாளர், வண்டியோட்டி, தண்ணீர் சுமப்பவர். நான் கிளப்பின் செயலாளர், டிம்ப்னா. பத்தொன்பது வருடமாக வேறு யாரும் கையைத் தூக்காததால் நான். முதல் அணியைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை, அவர்களைப் பற்றிப் பத்திரிகைக்காரன் எழுதுவான். அவர்களுக்குத் தசை பிடித்துவிட ஓர் அம்மாள் உண்டு, பயிற்சி முடிந்தால் சுடச்சுடக் கோழிக்கறி உண்டு. இரண்டாம் அணிக்கு உண்டானது மலாக்கியும் முதல் அணி கழித்துப்போட்ட சட்டைகளும்தான். அந்தச் சட்டைகளின் நெஞ்சில் ஒரு மதுக்கடையின் பெயர் இருக்கிறது. கடையை மூடி ஆறு வருடம் ஆகிறது.

மலாக்கி முப்பத்தொரு வருடம் அந்த இரண்டாம் அணியிலேயே ஆடினார். ஒரே ஒருமுறை முதல் அணிக்குக் கூப்பிட்டார்கள். போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார். அதைப் பற்றி அவருக்கு வருத்தம் இருந்ததாக நான் கேட்டதில்லை. “பெஞ்சு நல்ல பெஞ்சு, டிம்ப்னா. காத்தடிக்கல” என்று மட்டும் சொன்னார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வரவிருந்த பெண் பாஸ்டனுக்குப் போனாள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பதினைந்து பேரைச் சேர்ப்பது அவருடைய வாழ்க்கையின் வேலையாக எப்போது ஆனது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

பதினைந்து பேர் என்றால் கேட்க லேசாக இருக்கும். வாருங்கள், எங்கள் ஊரில் சேர்த்துப் பாருங்கள். ஒருவனுக்குச் சனிக்கிழமை நண்பன் கல்யாணம், ஞாயிறு தலை தூக்க முடியாது. ஒருவன் டப்ளினில் அறைக்கு வாடகை கட்டவே வாரக் கடைசியிலும் வேலைக்குப் போகிறான். ஒருவனுக்கு முதுகு, ஒருவனுக்கு மனைவி. சிட்னிக்குப் போனவர்கள் மட்டும் பதினோரு பேர். கோல் காப்பவன் உட்பட நல்ல அணி அது. என்ன செய்வது, மைதானம்தான் தப்பான கண்டத்தில் இருக்கிறது.

இந்த வருடம் ஜூலையில் ஒரு போட்டியை ஆள் இல்லாமல் விட்டுக்கொடுத்தோம். மலாக்கி சிறுநீரகக் கல்லோடு மருத்துவமனையில் படுத்திருந்த வாரம் அது. இன்னொன்றை விட்டுக்கொடுத்தால் அணியை அந்த வருடப் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். அப்படி நீக்கப்பட்ட அணி மறு வருடம் எழுந்து வந்ததாகப் பக்கத்து ஊர்களில் சரித்திரமே இல்லை. முதல் அணியின் மேலாளர் லோர்கனுக்கு அதில் கவலையும் இல்லை. “செத்ததுக்கு எதுக்கு இன்னும் மூக்குல பஞ்சு வைக்காம உக்காந்திருக்கீங்க?” என்று கமிட்டியிலேயே கேட்டான். மலாக்கி தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

செப்டம்பர் முதல் ஞாயிறு டிரம்ஷீலோடு ஆட்டம். புதன்கிழமைக்குள் மலாக்கி பதினைந்து பேரைச் சேர்த்துவிட்டார். சனிக்கிழமை முதல் அணியின் ஆட்டம். பதினான்கு புள்ளி முன்னிலை, இரண்டு நிமிடம் பாக்கி. அப்போது லோர்கன், மலாக்கி சேர்த்த பதினைந்தில் ஒருவனான காலம் என்ற பையனைப் பெஞ்சிலிருந்து உள்ளே அனுப்பினான். பையனுக்கு ஒரு சந்தோஷமாக இருக்கட்டும் என்றானாம். முதல் அணிக்காக ஒரு நிமிடம் புல்லை மிதித்தவன் அந்த வருடம் இரண்டாம் அணியில் ஆட முடியாது. இது எங்கள் ஊர்க் கைக்குழந்தைக்கும் தெரியும். “அவன உக்கார வையிடா, மடையா!” என்று நான் கத்தியது பாதிரியார் காதிலும் விழுந்தது. பையன் சிரித்துக்கொண்டே ஓடிப்போய் நின்றான், பந்தைத் தொடக்கூட இல்லை.

சாயங்காலம் மலாக்கி போன் செய்தார்.

“பதினாலு, டிம்ப்னா.”

“தெரியும்.”

“காலமோட பெரியப்பா பையன் சிட்னில இருக்கானில்ல, ரூரி. அவன் பேரு இன்னும் நம்ம பட்டியல்ல இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி...”

“டிரம்ஷீல்காரங்க பாதிப் பேரு ரூரியோட பள்ளிக்கூடத்துல படிச்சவங்க. மாட்டினா இந்த வருஷம் மட்டும் இல்ல, அடுத்த வருஷமும் போச்சு. நான் எழுத மாட்டேன்.”



“சரி. அப்ப பதினஞ்சாம் நம்பருக்கு என் பேர எழுது.”

“உங்களுக்கு வயசு அம்பத்தாறு.”

“வயசு எழுதற கட்டம் அந்தத் தாள்ல இல்லையே!”

எழுதினேன். சிரித்துக்கொண்டேதான் எழுதினேன்.

மறுநாள் காலை பத்தரைக்கு மறுபடியும் போன். பூசையிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை நான். மலாக்கி அல்டனை அழைத்துவரப் போயிருந்தார். அல்டன் எங்கள் அணியின் கடைசிக் காவல்காரன், கோலுக்கு முன்னால் நிற்பவன். முப்பத்துநான்கு வயது. மலைமேல் இருபது மாடுகளோடு தனியாக இருக்கிறான். பிப்ரவரியில் அப்பா இறந்ததிலிருந்து அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற கதைதான். மலாக்கி மட்டும் வாரம் தவறாமல் அங்கே போவார். சினை ஊசிக்கு நிற்காத மாட்டுக்குக்கூட ஏதோ காரணம் கண்டுபிடித்துப் போவார்.

“ஒரு சிக்கல், டிம்ப்னா. அல்டனோட கிடாரிக்குத் தலையீத்து. கன்னுக்குப் பின்னங்கால்தான் முன்னால வருது.”

“மாட்டு டாக்டர்?”

“மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு மாட்டோட மல்லாடிட்டு இருக்காரு. ரெண்டு மணி நேரமாகுமாம். நான் இங்க நிக்கறேன். அவன என் வேன்ல அனுப்பறேன்.”

“உங்க வேன்லயா? அப்ப நீங்க எப்படி வருவீங்க?”

“அவனோட டிராக்டர் இருக்கு.”

“மலாக்கி, மாடு அவனோடது. அவன் பாத்துக்கட்டும். நீங்க வாங்க. மாடு ஈனினதும் அவன் வரட்டும். ஆட்டத்த பதிமூணு பேரோட ஆரம்பிக்கலாம், ரெண்டாம் பாதி விசில் ஊதறதுக்குள்ள பதினஞ்சு பேரு நின்னாப் போதும், இல்லன்னாதான் விட்டுக்குடுத்ததா ஆகும்.”

“அதேதான் நானும் சொல்றேன். ரெண்டாம் பாதிக்குள்ள வர்றவன் நான்.” குரலைத் தாழ்த்தினார். “அவன இங்க விட்டுட்டு வந்தா அவன் வர மாட்டான். இன்னிக்கு மட்டும் இல்ல, அப்புறமும் வர மாட்டான்.”

பட்டியலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பினேன்.

அல்டன் வந்தான். யாரையும் பார்க்காமல் காலணியை மாட்டிக்கொண்டான். பதினான்கு பேரோடு தொடங்கினோம். டிரம்ஷீலுக்குப் பத்தொன்பது பேர், அதில் பாதி இருபது வயதுப் பயல்கள். முதல் பாதி முடிந்தபோது ஆறு புள்ளி பின்தங்கியிருந்தோம். புள்ளியையெல்லாம் யார் பார்த்தார்கள்? நான் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மலைச் சாலையில் ஒரு செம்மறியாட்டைத் தவிர எதுவும் வரவில்லை.

இடைவேளையில் அல்டன் காலணிக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

“நான் போறேன்” என்றான் என்னிடம். “மாடு தனியா இருக்கு.”

“தனியாவா? அப்ப மலாக்கி யாரு, கொட்டாயில நட்டு வெச்ச தூணா?”

“எனக்கு அது ஒண்ணுதான் நல்ல கிடாரி.”

அதட்டியது போதும் என்று தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அவரு கைய விட நல்ல கை உனக்கு இருக்கா, அல்டன்?”

யோசித்தான். நேர்மையானவன். “இல்ல” என்றான். கயிற்றைத் திரும்பக் கட்டினான்.

டிரம்ஷீல் மேலாளர் ஜார்லத் ஒரு விடுதியில் சமையல்காரர், அதற்கேற்ற உடம்பு. மெதுவாக நடந்து வந்து எங்கள் ஆட்களை விரலால் எண்ணினார்.

“பதினாலு.”

“எண்ணத் தெரிஞ்சவருதான்” என்றேன்.

“ஒருத்தரு வரணுமோ?”

“மாட்டுக்குப் பிரசவம் பாத்துட்டு இருக்காரு.”

“கோட்டுப் போட்ட காளையா? எங்களுக்கு எதிரா இருவது வருஷம் ஆடி, தோள்ள தட்டிக்குடுத்துட்டுப் போனவராச்சே!” தன் பையன்கள் பக்கம் திரும்பினார். “டேய், ஆரஞ்ச மென்னு தின்னுங்கடா, முழுங்காதீங்க. இவ்வளவு தூரம் வந்தது பாதி ஆட்டம் ஆடவா?”

நடுவர் காலணிக் கயிற்றைக் கட்டினார். சரியில்லை என்று அவிழ்த்தார், மறுபடியும் கட்டினார். விசிலில் தூசி என்று துடைத்தார். அந்த நடுவரை நான் என்னென்னவோ திட்டியிருக்கிறேன், அன்றைக்கு அத்தனையையும் மனதுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் டிராக்டர் சத்தம் கேட்டது. அந்த வண்டி முழு வேகத்தில் வருவதை நான் அன்றுதான் பார்த்தேன். மலாக்கி தொப்பி இல்லாமல், வலக்கை தோள் வரைக்கும் காய்ந்த ரத்தமும் சளியுமாக, வாசலிலிருந்தே கத்தினார்.

“கிடாரிக் கன்னு, அல்டன்! நின்னு பால் குடிக்குது! ரெண்டும் சுகம்!”

நான் அழுதேன். ஒளிப்பானேன்? சட்டையை அவர்மேல் வீசியெறிந்தேன், அழுக்குக் கையை அப்படியே அதற்குள் நுழைத்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

அவரைத் தடுக்க நின்ற டிரம்ஷீல் பயல் மூக்கைப் பிடித்துக்கொண்டான். “என்ன நாத்தம் சார் இது?”

“பொறந்து அரை மணி நேரந்தான் ஆச்சு தம்பி. போகப் போகப் பழகிடும்.”

பந்து இரண்டு முறை அவரிடம் வந்தது. ஒன்றைத் தவறவிட்டார், ஒன்றை வேலிக்கு வெளியே உதைத்தார். பதினோரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். ஆனால் கடைசியில் உயரமாக வந்த பந்துக்கு அல்டன் இரண்டு பேருக்கு மேலே எழும்பி, “எனக்கு விடு!” என்று கத்திப் பிடித்தான். அந்தக் குரலைக் கேட்டு எங்கள் ஆட்களே திரும்பிப் பார்த்தார்கள். பிப்ரவரிக்குப் பிறகு அவ்வளவு சத்தமாக அவன் பேசி நாங்கள் கேட்டதில்லை.

எல்லோரும் போன பிறகு மலாக்கி உடை மாற்றும் அறையின் படியில் உட்கார்ந்திருந்தார். முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் தேநீர் கொடுத்தேன்.

“வெந்நீர் எடுக்க அவன் அடுப்படிக்குப் போனேன்” என்றார். “செவுத்துல ஒரு காலண்டர் தொங்குது. உரக்கடையில குடுத்தது. வருஷம் பூரா காலி. மாட்டு டாக்டர் வர்ற நாளு இல்ல, திருநாளு இல்ல, ஒண்ணும் இல்ல. நம்ம ஆட்டம் மட்டும் ஒண்ணு விடாம வட்டம் போட்டு வெச்சிருக்கான்.”

“ஜூலைல விட்டுக்குடுத்ததுமா?”

“அதுலயும் வட்டம் இருக்கு. கீழ பென்சில்ல எழுதிருக்கான்.” தேநீரைக் கீழே வைத்தார். “‘போனேன். யாரும் இல்லை.’”

அந்த வாரம் மலாக்கி மருத்துவமனையில் இருந்ததால், ஆட்டம் இல்லை என்று அறிவித்தது நான். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டு, விட்டது தொல்லை என்று கடற்கரை ஊரான பண்டோரனுக்கு, என் தங்கை வீட்டுக்குக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அல்டனிடம் இருப்பது பொத்தான் போன். அதில் வாட்ஸ்அப் கிடையாது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் நினைவுக்கு வரவில்லை. நான் கடற்கரையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தபோது அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றிருக்கிறான்.

“நான்தான், மலாக்கி” என்றேன்.

“தெரியும்.” அவர் குரலில் குத்தல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “எனக்கும் இனிமே முப்பது பேருக்குப் போன் பண்ண முடியாது, டிம்ப்னா. பாதிய நீ எடுத்துக்கறியா?”

எடுத்துக்கொண்டேன். மறுநாள் கமிட்டியில் லோர்கன் மறுபடியும் இரண்டாம் அணியைக் கலைக்கும் பேச்சை எடுத்தான். பத்தொன்பது வருடமாக எழுத மட்டுமே செய்தவள் அன்று நோட்டை மூடிவிட்டுப் பேசினேன். என்ன பேசினேன் என்பது நோட்டில் இல்லை. காலண்டரைப் பற்றிச் சொல்லவில்லை, அது அல்டனுடையது. ஆனால் அணி இருக்கிறது.

இப்போது ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஏழு மணிக்குப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். சாக்குச் சொல்பவர்கள் சொல்லட்டும், அவர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அல்டனைத்தான் கூப்பிடுகிறேன். போனில் முதல் மணி முழுதாக அடித்து முடிவதற்குள் எடுத்துவிடுகிறான்.