கம்பிக்குப் பின்னால் கலைச்செல்வி அக்கா

போன வாரம் பாகூரில் ரஹீம் பாயின் வெல்டிங் பட்டறைக்குப் போயிருந்தேன். டீ குடிக்கத்தான். ஆனால் அங்கே ஒரு பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது!

பாய் இரும்பு கேட் செய்பவர். அவர் மகள் சமீமா கடைக்கு வெப்சைட் போட்டிருக்கிறாள். டிசைன், கலர், கைப்பிடி என்று நாம் தட்டத் தட்ட, திரையில் தெரியும் ஒரு வீட்டு வாசலில் அந்த கேட் வந்து நிற்கும். சூட்சுமம் இதுதான் – அடியில் வீட்டின் போட்டோ, அதன்மேல் கேட், அதன்மேல் கைப்பிடி. கண்ணாடித் தாள்களை அடுக்குகிற மாதிரி.

அந்த வீடு குருவிநத்தம் கலைச்செல்வி அக்காவுடையது. கேட்டே இல்லாத அகலமான வாசல். சமீமா படமெடுக்கப் போனபோது, அக்காவும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்று சிரித்திருக்கிறார்.

வந்தது வினை. கேட் மேலே, அக்கா அடியில்... எந்த டிசைனைத் தட்டினாலும் கம்பிக்குப் பின்னால் அக்கா! அதற்குத்தான் அக்கா பட்டறைக்கே வந்து பஞ்சாயத்து வைத்திருந்தார்.

"இன்னா பாய், என்னை ஜெயில்ல போட்டுட்டீங்களே! என் நாத்தனா ஊரெல்லாம் காட்டி சிரிக்கிறா. என் வூட்டு போட்டோவையே எடுத்துடுங்க."

பாய் முகம் வாடிவிட்டது. கேட் படங்கள் எல்லாமே அந்த வாசலுக்குப் பொருந்துகிற மாதிரி வெட்டியவை. வேறு வீடு என்றால், சமீமாவின் பல மாத உழைப்பு வீண்.

"சரிக்கா, உங்கள மட்டும் அழிச்சிடறேன்" என்றாள் சமீமா. அழித்தும் காட்டினாள்.

அக்கா அந்த வெறும் வாசலையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"என் வூட்ல நான் இல்லியாடி?"

நாமும் அப்படித்தானே? குரூப் போட்டோவில் மூஞ்சி நன்றாக இல்லை என்று புலம்புவோம். அதற்காக நம்மை வெட்டி எறிந்தால் சும்மா இருப்போமா?

சமீமா கோபப்படவில்லை. மறுபடி உட்கார்ந்தாள். பழைய போட்டோவிலிருந்து அக்காவை மட்டும் பொறுமையாகக் கத்தரித்து, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். இப்போது கேட்டுக்கு முன்னால் அக்கா, பட்டுப்புடவையோடு! அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அக்காவுக்கு ஒரே குஷி. பச்சை கேட், கறுப்பு கேட், மயில் கேட் என்று மாற்றி மாற்றித் தட்டித் தன்னையே ரசித்துக்கொண்டிருந்தார். பாய்க்கு ஆசை வந்துவிட்டது.

"எதும்மா புடிச்சிருக்கு? உன் வூட்டுக்கே மாட்டிடலாம்."

"எனக்கெதுக்கு பாய் கேட்டு? அதான் நானே வாசல்ல நிக்கிறேனே!"