விலை சொல்லாதவருக்குச் சைபர்

காட்டுக்கு விலை போடுவது என் தொழில். அது தரும் நிழல், தண்ணீர், மேய்ச்சல் எல்லாவற்றையும் ரூபாயில் சொல்ல வேண்டும். கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்து, நாய்க்கடிக்குத் தப்பிய சகபாவிகளே, இதை உங்களிடம்தான் சொல்லி அழ முடியும்.

தக்காளி காய்க்கும் வனம்

கணியூர்ப் பக்கம் ஒரு கரடு. முள்ளும் வேலமரமும் மண்டிய சின்னப் பாறைக்குன்று. அங்கே கிடங்கு கட்ட ஒரு பனியன் கம்பெனி இடம் கேட்டிருந்தது. கரடு போனால் ஊருக்கு என்ன நஷ்டம் என்று மதிப்பிட என்னை அனுப்பினார்கள்.

நான் சென்னைக்காரன். "உங்க காட்டுல இருந்து என்ன கிடைக்குது?" என்று வீடு வீடாகக் கேட்டேன். "மக்காச்சோளமுங்க, தக்காளிங்க" என்றார்கள். என்ன வளமான வனம் என்று பூரித்துப்போய் இரண்டு நாள் எழுதித் தள்ளினேன். மூன்றாம் நாள் ஒரு விவசாயி என் தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, காடுன்னா நாங்க வெள்ளாமை பண்ற பூமிங்க. நீங்க கேக்கறது கரடுங்க. அதுல தக்காளி காச்சா நாங்க எதுக்குங்க தண்ணி கட்டறோம்?"

களாக்காய்

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். கரட்டில் மாராத்தாள் என்ற அம்மா ஆறு ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. மடியிலிருந்து ஒரு கை களாக்காய் எடுத்துக் கொடுத்தார். அதைத் தின்றுகொண்டே, "இந்தக் கரட்டைக் காப்பாத்த மாசம் எவ்வளவு கொடுப்பீங்க?" என்று தாளில் இருந்தபடி கேட்டேன். கேட்கும்போதே கூசியது.

"என்னுதா இருந்தா வெலை சொல்லலாம் கண்ணு. இது உன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல. நாம ரெண்டு பேரும் என்னத்த வெலை பேசறது?"

கட்டம்

விலை சொல்லாதவர்களுக்குச் சைபர் போடுவது எங்கள் திருப்பூர் ஆபீஸ் வழக்கம். "அந்தம்மா கரட்டை நம்பித்தான் சார் இருக்காங்க" என்று மேலாளரிடம் இழுத்தேன். விலை சொல்ல மறுப்பதும், வேண்டாம் என்பதும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு போட்டேன். பாதி ஊர் அப்படித்தான் சைபர் ஆனது. மேலாளர் சொன்னது இவ்வளவுதான்:

"மனசுக்கெல்லாம் இதுல கட்டம் இல்ல தம்பி. சைபர் போட்டு அனுப்புங்க, கம்பெனிக்காரர் காத்திருக்கார்."

பஸ் ஸ்டாப்

ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். கரட்டைச் சுற்றிக் கம்பிவேலி. பஸ் ஸ்டாப்பில் மாராத்தாள் நின்றிருந்தார். ஆடுகளை விற்றாகிவிட்டதாம். பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போகிறாராம். தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைத் தேடித் தேடி நறுக்க வேண்டும். அவருக்கோ கண் சரியாகத் தெரியாது. சைபர் போட்டது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. படியில் ஏறியவர் திரும்பிச் சொன்னார்:

"நீ நல்லாத்தான் எழுதியிருப்பே கண்ணு. மேல இருக்கறவங்கதான் உம்பட பேச்சைக் கேக்கல போல."

அந்தக் கரட்டை மதிப்பிட எனக்கு மூன்று மாதம் பிடித்தது. என்னை மதிப்பிட மாராத்தாளுக்கு ஒரு நொடிதான், அதிலும் ஏகத்துக்குக் கூட்டிப் போட்டுவிட்டார்.