வினா எண் பதினேழு

அவரை ‘விசில்’ என்றால்தான் தொகுதியில் தெரியும். பஸ் கண்டக்டராக இருந்தபோது ஒட்டிக்கொண்ட பெயர். மூன்று தேர்தல் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆன பிறகும் அது மட்டும் இறங்கிப் போகவில்லை. தொழிற்சங்கத்தில் நாலு வார்த்தை பேசினார், கட்சி சீட்டுக் கொடுத்தது, ஜெயித்தார். அவ்வளவுதான் கதை.

முதல் தடவை சட்டசபைக்குள் நுழைந்தபோது படியைத் தொட்டுக் கும்பிட்டார். இப்போது அதெல்லாம் கிடையாது. கட்சித் தலைவர் சிரித்தால் சிரிப்பார், மேசையைத் தட்டினால் தட்டுவார், எழுந்தால் எழுவார். பதினான்கு வருடத்தில் சபையில் அவர் பேசியது மொத்தம் பதினொரு நிமிடம், அதிலும் ஆறு நிமிடம் தலைவருக்கு நன்றி. காலையில் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும். ஒருவருக்கு டிரான்ஸ்பர், ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை. லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டுப் போட்டு, யாருக்கு என்ன சிபாரிசு என்பதே மனதில் நிற்காது. யாராவது அழுதால் தண்ணீர் கொடுக்கச் சொல்வார். கிணற்றில் போட்ட கல் மாதிரி உள்ளே ஒன்றும் அசையாது. அது அவருக்கும் தெரியும். அதற்காக வருத்தமும் வரவில்லை.

போன வருடம் அக்கா வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. இரண்டு கூட்ஸ் வண்டி போய் முடிய இருபத்துமூன்று நிமிடம், மாமா அங்கேயே போய்விட்டார். அந்தக் கேட்டுக்கு மேம்பாலம் வரும் என்று மூன்று தேர்தலிலும் வாய் கூசாமல் சொன்னவர் நம்ம விசில்தான். சாவு வீட்டிலும் அவருக்குக் கண்ணீர் வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு மாதம் கழித்து அக்கா வந்தாள்.

“உன்கிட்ட நான் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லடா. அந்தப் பாலத்தைப் பத்தி சபையில ஒரு கேள்வி கேளு. மந்திரி பதில் சொல்லிட்டா எழுத்துல ஏறிடுமாமே, அப்புறம் தட்டிக்கழிக்க முடியாதாமே.”

“கேக்குறேன்க்கா.”

“ஊருக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லாத.”

எழுதிக் கொடுத்தார். எந்தக் கேள்வி சபைக்கு வரும் என்று எடுக்கும் குலுக்கலில் விழவில்லை. மறுபடி எழுதினார், மூன்று தடவை போயிற்று. நாலாவது தடவை விழுந்தது: வினா எண் பதினேழு. அதுவே கடைசிக் கூட்டத்தொடர். அடுத்த தேர்தலில் அவருக்குச் சீட்டு இல்லை என்று கட்சியில் சொல்லியாகிவிட்டது. உறுப்பினர் தன் இடத்தில் எழுந்து நின்று கேட்டால்தான் மந்திரி வாய் திறப்பார், இல்லாவிட்டால் கேள்வி அதோடு சரி.

அக்காவுக்குப் பார்வையாளர் மாடத்துக்குப் பாஸ் வாங்கினார். காலையில் கண்ணாடி முன் நின்று கேள்வியை நாலு தடவை சொல்லிப் பார்த்தார். திருப்தி வராமல் ஐந்தாவது தடவையும் சொன்னார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

பதினாறாவது கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. மந்திரி ஏதோ குத்தலாகச் சொன்னார். தலைவர் விருட்டென்று எழுந்து வெளிநடப்பு என்றார். கட்சிக்காரர்கள் முப்பத்தெட்டு பேரும் எழுந்தார்கள், விசிலும் எழுந்தார். யோசித்தா எழுந்தார், பாவி மனுஷன்! ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்களே, அந்தக் கால் அவரைக் கூட்டத்தோடு வராந்தாவுக்கு நடத்திக்கொண்டு போய்விட்டது. அங்கே கையைத் தூக்கிக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் சபாநாயகர் குரல் வந்தது.

“வினா எண் பதினேழு.”

கொஞ்சம் இடைவெளி.

“உறுப்பினர் அவையில் இல்லை. அடுத்த வினா.”

விசில் கதவுப் பக்கம் திரும்பினார். பக்கத்தில் நின்றவர் தோளைப் பிடித்தார். “எங்கண்ணே போறீங்க? டிவிக்காரன் படம் எடுக்குறான்.”

தூக்கிய கையோடு நின்றார்.

மாடத்திலிருந்து அக்கா படியிறங்கி வந்தாள். என்ன சொல்வது என்று அவர் நாலைந்து சமாதானம் யோசித்து வைத்திருந்தார். அவள் திட்டவில்லை.

“நீ எந்திரிச்சதும், கேக்கத்தான் எந்திரிக்கிறேன்னு நெனச்சு நானும் எந்திரிச்சு நின்னுட்டேன்டா,” என்றாள். “காவலுக்கு நின்னவர் வந்து உக்காரச் சொன்னார்.”