செந்தாழைக்கு வந்த தந்தி

கருணாகரன் பிறர் பொருளைத் தொடாதவர். மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் அவரை அறிந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். பொன்னுதுரையின் பாக்கு மண்டியில் ஒன்பது வருடம் கடிதம் எழுதும் வேலை பார்த்தார். கல்லாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் ஒரு வெற்றிலையைக்கூடக் கேட்காமல் எடுத்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர்தான் முதலாளியின் பேரை எடுத்துக்கொண்டார்.

பேர் என்றால் ஒற்றைச் சொல். ‘செந்தாழை.’ அந்த நாளில் தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. அதனால் வியாபாரிகள் தந்தி ஆபீசில் ஒரு சொல்லைத் தங்களுக்கென்று பதிந்து வைத்துக்கொள்வார்கள். ‘செந்தாழை, மலாக்கா’ என்று எங்கிருந்து அடித்தாலும் அது நேராகப் பொன்னுதுரையின் மண்டிக்கு வந்துவிடும். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இருந்த பாக்கு வியாபாரிகளுக்குப் பொன்னுதுரை என்ற பேரைவிடச் செந்தாழைதான் பழக்கம். ஊரிலிருந்த அவருடைய சொந்தக்காரர்களும் நல்லது கெட்டதுக்கு அந்தச் சொல்லுக்கே தந்தி அடித்தார்கள்.

ஒன்று மட்டும் உண்டு. ஒவ்வொரு ஜனவரியிலும் தாள் எழுதிக் கொடுத்து அந்தச் சொல்லைப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் அது யாருக்கும் சொந்தமில்லாததாகிவிடும்; கேட்டவருக்குக் கிடைக்கும். ஒன்பது ஜனவரியும் அந்தத் தாளை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தவர் கருணாகரன்தான். அப்படி ஒரு தாள் இருக்கிறது என்பதே பொன்னுதுரைக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ.

ஐம்பத்தாறாம் வருடத் தீபாவளியோடு கருணாகரன் வேலையை விட்டார். ஆற்றோரம் பாதிக் கடையைப் பிடித்துச் சொந்தமாகப் பாக்கு ஏற்றுமதி செய்யப் போவதாகச் சொன்னபோது, பொன்னுதுரை நாலு பேர் முன்னால் சிரித்துவிட்டார்.

“கையெழுத்து முத்து முத்தா இருந்தா யாவாரம் வந்துடுமா தம்பி?”

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். நாலு பேரும் சிரித்தார்கள். கருணாகரனும் சிரித்து வைத்தார். ஆனால் அந்தச் சிரிப்பு அவர் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

ஜனவரியில் பொன்னுதுரை கப்பலேறி ஊருக்குப் போனார். அவருடைய அண்ணன் தம்பிராஜா படுத்த படுக்கையாக இருந்தார். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். இருந்த ஒரே காணியை விற்றுத் தம்பியை மலாயாவுக்கு அனுப்பியவர். அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை. மகன் என்றாலும் தம்பி என்றாலும் பொன்னுதுரை ஒருவர்தான்.

ஜனவரி முடிந்தது. தாள் போகவில்லை என்பது உலகத்திலேயே கருணாகரன் ஒருவருக்குத்தான் தெரியும். மண்டிக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் பிப்ரவரி முதல் தேதி தந்தி ஆபீசுக்குப் போய், முத்து முத்தான கையெழுத்தில், அந்தச் சொல்லைத் தன் பேருக்குக் கேட்டு எழுதிக் கொடுத்தார்.

பிறகு தந்திகள் வந்தன. பாக்கு வேண்டும், எத்தனை மூட்டை, எந்தக் கப்பல் என்று கேட்டு வந்தன. கருணாகரனின் பாதிக் கடை முழுக் கடையானது.

இன்னும் படுக்கையிலேயே இருந்த அண்ணனை விட்டு மார்ச்சில் திரும்பி வந்த பொன்னுதுரைக்கு மண்டி வெறிச்சோடிக் கிடந்த காரணம் விளங்க ஒரு வாரம் ஆயிற்று. அவர் சண்டைக்குப் போகவில்லை. பேர் திரும்பிவிடும் என்று நம்பி, ஊருக்கு வேறு விலாசம் எழுதாமல், தந்தி இலாகாவுக்கு மனு எழுதினார். ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. சட்டப்படி சரிதானே என்றார்கள் சிலர். உண்ட வீடு என்றார்கள் சிலர். ஷம்சுதீனின் கோப்பிக் கடையில் கருணாகரன் நுழைந்தாலே பேச்சு நின்றது. ஒருநாள் ஷம்சுதீன் கோப்பியை ஆற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

“பேரை மட்டும் ஏன் எடுத்தே கருணா? அப்படியே பொன்னுதுரை மீசையையும் சேர்த்துப் பதிஞ்சிருக்கலாம்லா.”

கடை முழுக்கச் சிரித்தது. பூட்டை உடைக்கவில்லை, காலியாகக் கிடந்த வீட்டைத்தான் எழுதி வாங்கினேன் என்று கருணாகரன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல, அந்த வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது அவருக்கே தெரிந்தது.

விசாரணை சித்திரைத் திருவிழாவை ஒட்டி ஒரு வெள்ளிக்கிழமைக்கு வைக்கப்பட்டது. மேல் அதிகாரி ஒரே ஒரு விஷயத்தைப் பார்ப்பார் என்று தந்தி ஆபீசில் சொன்னார்கள். புதிதாக எடுத்தவர் வேறொருவருடைய தந்திகளை வாங்கிக்கொள்கிறார் என்று நிரூபணமானால் பதிவை ரத்து செய்துவிடுவார். வியாபாரத் தந்திகளில் பேர் இருக்காது. அவை யாருக்கு வந்தவை என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. கருணாகரன் தைரியமாகத்தான் இருந்தார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தந்திக்காரர் சைக்கிளில் வந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தார் கருணாகரன்.

‘பொன்னுதுரைக்கு. அண்ணன் நேற்றிரவு காலமானார். உடனே புறப்படவும்.’

கருணாகரன் சைக்கிளை எடுத்தார். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வேகமாகத்தான் மிதித்தார். சனிக்கிழமை போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து கப்பல் புறப்படுகிறது. அதைப் பிடித்தால் பதினாறாம் நாள் கருமாதிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அதோடு இன்று மாலை ஆறு மணிக்குப் பொன்னுதுரைக்குக் காப்புக் கட்டுகிறார்கள். அண்ணன் பிழைக்க வேண்டும் என்று காவடிக்கு நேர்ந்திருந்தார். தீட்டு வீட்டுக்காரர் காப்புக் கட்டக் கூடாது.

பொன்னுதுரை வீட்டு வாசல் படலை தெரிந்த இடத்தில் கருணாகரனின் கால் நின்றது. இந்தக் காகிதத்தில் பொன்னுதுரை என்ற பேர் இருக்கிறது. நாளை அதிகாரி முன்னால் இதை நீட்டினால் எல்லாம் போயிற்று. நாளை விசாரணை முடிந்ததும் சொல்லிவிடலாம். ஒரே ஒரு நாள்தானே. சைக்கிளைத் திருப்பினார்.

மாலையில் அவர் மனைவி விஜயா கோயிலிலிருந்து வந்து, பொன்னுதுரைக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது, மனுஷன் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை என்று சொன்னாள். அதைக் கேட்டபோது கருணாகரனுக்கு மனசு லேசானது. காப்புக் கட்டியவரைச் சாவுத் தீட்டு ஒட்டாது. காப்பு அவிழ்க்கும் வரை அவரிடம் சாவுச் செய்தி கொண்டுபோகவும் கூடாது. சாமியே வாயை மூடச் சொல்லிவிட்டது போல இருந்தது. தந்தியைச் சட்டைப் பையிலேயே மடித்து வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி கேட்டார். பொன்னுதுரைக்கென்று ஏதாவது தந்தி வந்ததா?

“இல்லை” என்றார் கருணாகரன்.

பதிவு அவருக்கே நின்றது. வெளியே வந்தபோது பொன்னுதுரை மரத்தடியில் காத்திருந்தார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. விரதத்தில் முகம் வற்றியிருந்தது.

“பேரு உனக்கே இருக்கட்டும் தம்பி. பொளைச்சுப் போ. ஊர்லேர்ந்து அண்ணனைப் பத்தி ஏதாச்சும் வந்தா மட்டும் ஓர் எட்டு வந்து சொல்லிடு.”

கருணாகரன் தலையை ஆட்டினார். சட்டைப் பையிலிருந்த காகிதம் சுட்டது.

சனிக்கிழமை கப்பல் புறப்பட்டுப் போயிற்று.

திங்கட்கிழமை காவடி. காவடி வரும் வழியில் வீட்டுக்கு வீடு வாசலில் நின்று, எடுத்து வருகிறவர்களின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். விஜயா குடத்தோடு நின்றாள். கருணாகரன் உள்ளேயே இருந்துவிடலாம் என்று பார்த்தார், அவள் விடவில்லை. வழக்கு வேறு, சாமி வேறு என்று கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

பொன்னுதுரை வந்தார். கன்னத்தில் அலகு. வெயிலில் தார் உருகிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் அந்த வாசலில் நிற்காமல் போனார்கள், அவர் நின்றார். விஜயா தண்ணீர் ஊற்றினாள். அவர் மடியிலிருந்து திருநீற்றை எடுத்து அவள் நெற்றியில் பூசினார். பிறகு கருணாகரன் பக்கம் திரும்பி, அவர் நெற்றியிலும் பூசினார். அலகு போட்ட வாய் பேச முடியாது. கையை மட்டும் கடல் இருக்கும் திசையில் காட்டி, பிறகு கும்பிட்டார். அண்ணனுக்காக வேண்டிக்கொள் என்கிறார் என்று குழந்தைக்கும் புரிந்திருக்கும்.

நாலு நாளைக்கு முன்பே சாம்பலாகிப்போனவருக்காக!

காவடி போன பிறகு கருணாகரன் உள்ளே போய்ச் சுவரோடு சரிந்தார். தந்தியை எடுத்து மனைவியிடம் நீட்டினார். விஜயாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவரே படித்துச் சொன்னார். காப்புக் கட்டியவரிடம் எப்படிச் சொல்வது என்று முணுமுணுத்தார். அவள் காலிக் குடத்தைத் தரையில் வைத்தாள்.

“காப்பு அவருக்குத்தான் கட்டுனாங்க. உங்க வாயை யாரு கட்டுனா?”



செவ்வாய்க்கிழமை காப்பு அவிழ்த்ததும் கருணாகரன் போனார். பொன்னுதுரை தந்தியை வாங்கினார். எழுத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது போலும். கை முதலில் தலைக்குப் போயிற்று. பிறகு மேலே அடித்திருந்த தேதியைப் பார்த்தார்.

“எத்தனை மணிக்கு வந்துச்சு?”

“பத்து மணிக்கு.”

“காப்பு ஆறு மணிக்கு இல்ல கட்டுனாங்க.”

கருணாகரன் அவர் காலில் விழுந்தார். கல்லாவில் இருப்பது, கடை, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும்படி அழுதார். பேரைத் திருப்பி எழுதித் தரும் தாளை, தானே எழுதிக் கொண்டு வந்திருந்த தாளை, தரையில் வைத்தார். பொன்னுதுரை காலை இழுத்துக்கொண்டார். அந்தக் காலில் இன்னும் மஞ்சள் போகவில்லை.

“எனக்கு எதுக்கு அது? அந்தப் பேருக்குத் தந்தி அடிக்கிற ஆளு போயாச்சு.”

கதவு சாத்திக்கொண்டது.

நாலு மாதத்தில் மலாயாவுக்குச் சுதந்திரம் வந்தது. ஊரே கொடி பிடித்துத் திடலுக்குப் போனபோது கருணாகரன் கடைக்குள் இருந்தார். யாரும் அவரை ஒன்றும் செய்யவில்லை. பொன்னுதுரை ஊரில் ஒருவரிடமும் அந்தத் தந்தியைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஷம்சுதீன் பழையபடி மீசையைப் பற்றியே கேலி செய்தார். கருணாகரனுக்கு அதுதான் தாங்கவில்லை. காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பார்.

தன் வியாபாரத்துக்கு வேறொரு சொல்லைப் பதிந்துகொண்டார். முழுக் கடை மறுபடி பாதிக் கடையானது. செந்தாழையை அவர் விடவில்லை. விட்டால் இன்னொருவன் எடுத்துவிடுவான். ஒவ்வொரு ஜனவரியிலும் முதல் ஆளாகத் தந்தி ஆபீசில் நின்று புதுப்பித்தார். அந்தச் சொல்லுக்கு எது வந்தாலும், பாக்குக் கேட்டு வந்தாலும் கல்யாணச் சேதி வந்தாலும், பிரிக்காமல் அப்படியே சைக்கிளில் கொண்டுபோவார்.

பொன்னுதுரை படலையைத் திறக்காமல் கையை மட்டும் நீட்டி வாங்குவார். உறையைப் புரட்டி, ஒட்டிய பசை அப்படியே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். அவர் பார்த்து முடிக்கும் வரை கருணாகரன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பார்.

பதினோரு வருடம் அப்படி நின்றார்.