வைக்கோல் சாறு

இரண்டு வருடங்களுக்கு முன், தை மாதத்தில் ஒரு காலை. எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய ஒரு சின்ன ஆலையில் கெமிஸ்டாக இருந்தேன். அங்கே வைக்கோலை ஃபார்மிக் அமிலத்தில் வேகவைப்போம். வைக்கோலுக்கு விறைப்புத் தரும் லிக்னின், அமிலத்தோடு கறுப்புச் சாறாக இறங்கிவிடும். மிஞ்சும் நாரில் தட்டு, கோப்பை செய்யலாம். சாற்றைக் காய்ச்சி அமிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வோம். வயலில் எரிப்பதை உருப்படியாக்குகிறோம் என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அன்று பார்த்து, அமிலம் மீட்கும் கருவி மக்கர் செய்தது. சாறு நிற்கும் தொட்டி நிறைந்துவிட்டது. மறுநாள் டெல்லியிலிருந்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள். நாரைக் காட்டியே ஆக வேண்டும். சாற்றைக் கழிமுகத்துக்குப் போகும் கால்வாயில் திறந்துவிடச் சொன்னேன்.

வால்வைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் பக்கத்துக் குப்பத்துக்காரர். அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து மீன் குறைந்ததும் வலையை விட்டு வேலைக்கு வந்தவர். தயங்கினார்.

"தண்ணி வத்திக்கினு கீது மேடம். சாய்ங்காலம் ஏறட்டுமே."

"வத்தும்போதுதாண்ணே கடலுக்கு இழுத்துக்கிட்டுப் போகும். வெறும் வைக்கோல் சாறுதானே!" என்று சிரித்தேன். ஏன் சொல்கிறார் என்று கேட்கவில்லை. படித்த திமிர். அவர் வால்வைத் திறந்தார்.

தண்ணீர் வற்றும் நேரத்தில்தான் அங்கே பெண்கள் இறங்குவார்களாம். பறி என்னும் ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, தேங்கிய பள்ளங்களில் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். சாறு கடலுக்குப் போகவில்லை. கால்வாய் முனைப் பள்ளத்திலேயே நின்றுவிட்டது. அதில் துழாவியது அண்ணனின் மனைவி. அவர் அக்கரைக்குப் போயிருப்பார் என்று நம்பித்தான் அண்ணன் திறந்திருக்கிறார். அந்தத் தண்ணீர் எப்போதுமே கறுப்பு என்பதால் அந்த அக்காவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

சாற்றில் இருந்த அமிலம் சுட்டு, ஆஸ்பத்திரியில் அக்காவின் இரண்டு கையிலும் கட்டு. தப்பு என்னுடையது என்று அழுதேன். "தொறந்தது நான்தானே மேடம்" என்றார் அண்ணன். என்னைப் பார்க்கவில்லை.

தோல் ஆறி, இரண்டு மாதம் கழித்து அக்கா மறுபடி தண்ணீரில் இறங்கினார். அன்று அவர் வீட்டுக்குப் போனேன். பறி காலியாகக் கிடந்தது.

"எறா எது, சேறு எதுன்னு வெரலுக்குத் தெர்ல மேடம்" என்றார்.

வேலையை விட்டேன். அதனால் யாருக்கு என்ன ஆகப்போகிறது? இப்போதெல்லாம் யார் தயங்கினாலும் நின்று காரணம் கேட்கிறேன். ஆனால் நான் எத்தனை பேரிடம் கேட்டாலும் அந்த அக்காவின் விரல்களுக்கு இனி உணர்வு திரும்பப்போவதில்லை.