ஆடி போகட்டும் என்று சொன்னேன்

நான் மூன்றாவது வரை படித்தவன். கையெழுத்துப் போடுவேன், தமிழ் எழுதுவேன். அதிகம் எழுத வராது.

எங்கள் ஊர் குருவிநத்தம். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துக்குப் போய் வந்தவனை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். நானும் சொல்தாதான். இந்தோசீனாவில் நான்கு வருஷம் இருந்தேன். வலது கையில் இரண்டு விரல் அங்கே போயிற்று. ஊருக்கு வந்து மாடு வாங்கினேன், வண்டி கட்டினேன், கரும்பு ஏற்றினேன்.

அறுபதுகளின் கடைசியில் சொல்தாக்கள் ஏழு பேர் சேர்ந்தோம். சங்கம் என்று பலகை மாட்டவில்லை. வயசான சொல்தாக்கள் வீட்டுக்கு முறை வைத்துப் போவோம். கூரை ஒழுகினால் கீற்று வேய்வோம். உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். செத்தால் தூக்குவோம். ஏழு பேரில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர் ஒருத்தர்தான். வில்லியனூர் பக்கத்துக் கிறிஸ்தவர். பட்டாளத்தில் கப்ராலாக இருந்தார், அதனால் எங்களுக்கும் கப்ரால். வாரம் ஒருமுறை சைக்கிளில் வந்து எல்லார் வீட்டுக் காகிதத்தையும் பார்ப்பார். அவருக்குப் படிப்பு, எனக்கு வண்டி. அதுதான் எங்கள் வேலைப் பிரிவு.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். முறைக்கு எனக்குப் பெரியப்பா. ஜெர்மன் சண்டைக்குப் போனவர். அவர் மனைவியை நான் பெரிம்மா என்பேன். ஒரு பெண் பிறந்து நான்கு வயசில் காய்ச்சலில் போய்விட்டது. பிறகு பிள்ளை இல்லை. பென்ஷனில் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். வீடு அவர் பேரில் இருந்தது. எதிர் வீட்டில் அவருடைய தம்பி மகன்கள் இருந்தார்கள். பேச்சு வார்த்தை கிடையாது.

ஆடி பிறந்த மறுநாள் கப்ரால் அந்த வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து காகிதம் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பெண்டாட்டி பேர் எழுத வேண்டிய இடம் காலி. பெரியப்பா லீவில் வந்தபோது கோயிலில் தாலி கட்டினார். ஒன்பதாம் நாள் கப்பல் ஏறினார். மேரியில் போய் எழுதவில்லை. மேரி என்றால் கல்யாணம், பிறப்பு, சாவு எழுதும் ஆபீஸ். எங்களுக்கு அது பாகூரில் இருந்தது. ஊர் முழுக்கப் பார்த்த கல்யாணத்தை ஆபீசில் எதற்கு எழுத வேண்டும் என்று இருந்துவிட்டார்.

கப்ரால் பெரிம்மாவிடம் சொன்னார்: "இவரு கண்ண மூடினா நீ யாருன்னு கேப்பாங்க. பென்ஷன் வராது. வூடும் உனக்கில்ல. நாளைக்கே பாகூருக்குக் கெளம்புங்க."

பெரிம்மா தாலியைத் தூக்கிக் காட்டினாள். "அப்ப இது இன்னா, மாட்டுக் கயிறா?"

பெரியப்பா சிரித்தார். ஆடியில் கல்யாணம் எழுதினால் பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்ப வேண்டுமே, இவளுக்கு அம்மாவும் இல்லை, எனக்குக் கஞ்சி யார் ஊற்றுவது என்றார். பெரிம்மாவும் சிரித்தாள். ஆனால் ஆடி என்றதும் முகம் மாறியது. ஒரு பிள்ளையை வாரிக் கொடுத்தவள். ஆடியில் எழுதி இன்னொன்று ஆகிவிட்டால் என்று பயந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

கப்ரால் என்னை வெளியே கூப்பிட்டார். நீ வண்டியைப் பூட்டினால் அவர்கள் ஏறுவார்கள், பூட்டு என்றார். அது உண்மை. நான் சொன்னால் கேட்பார்கள்.

நான் யோசித்தேன். என் கல்யாணத்தையும் கப்ரால்தான் இழுத்துப் போய் எழுத வைத்தார். அது தை மாசம். அங்கே அதிகாரி நம்மை நிற்க வைத்து, இவளைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்பார். சம்மதம் என்று வாயால் சொல்ல வேண்டும். அது கல்யாணம் இல்லாமல் வேறென்ன.

"ஆடி போகட்டும் கப்ரால். ஆவணியில மொத முகூர்த்தத்துல நானே இட்டுகினு போறேன்."

"கவர்மெண்டு காகிதத்துக்கு ஆடி ஏதுடா, ஆவணி ஏது?"

"எங்களுக்கு இருக்குதே."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆடிப் பதினெட்டு வந்தது. ஆற்றில் தண்ணீர் ஓடியது. பெண்கள் கரையில் உட்கார்ந்து தாலிக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள். பெரிம்மாவும் மாற்றினாள். நான் மாடு கழுவிக்கொண்டிருந்தேன். பெரியப்பா கரையில் இருந்து கத்தினார்.

"டேய், ஆவணியில நான்தாண்டா மாப்ள. எனக்கு வேட்டி எடுத்தியா?"

எடுக்கிறேன் என்றேன். பெண்கள் சிரித்தார்கள். கல்யாணப் பொண்ணு வெட்கப்படுது பாருடி என்று ஒருத்தி பெரிம்மாவை இடித்தாள்.

நான்கு நாள் கழித்து அவர் வரப்பில் விழுந்தார். வலது கை, வலது கால் விளங்கவில்லை. வாய் கோணிவிட்டது. வண்டியில் வைக்கோல் போட்டு, படுக்க வைத்துப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியில் ரோடு மோசம், வண்டியை நடை நடையாக ஓட்டினேன். மூன்று நாள் வைத்திருந்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

கப்ரால் வந்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரிடம் சீட்டு வாங்கி, பாகூர் ஆபீசில் ஒரு பகல் முழுக்கக் காத்திருந்து, அதிகாரியை வீட்டுக்கே வர ஒப்புக்கொள்ள வைத்தார். அவர் வந்த அன்று ஆடி இருபத்தெட்டு. ஆடி என்று யாரும் பேசவில்லை.

பெரிம்மா பெரியப்பாவுக்குச் சவரம் செய்ய ஆள் கூப்பிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, மெடலைக் குத்தியிருந்தாள். அவளும் நல்ல புடவை கட்டியிருந்தாள். நானும் கப்ராலும் சாட்சி. அதிகாரி முக்காலியில் உட்கார்ந்து பெரிய நோட்டைத் தொடை மேல் விரித்தார். பேர் படித்தார். பிறகு சம்மதமா என்று கேட்டார்.

பெரியப்பா வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. எச்சில்தான் வந்தது. பெரிம்மா துடைத்தாள்.

இரண்டாம் தடவை கேட்டார். பெரியப்பா இடது கையைத் தூக்கினார். அது தடவித் தடவிப் போய் பெரிம்மா கழுத்துத் தாலியைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை. அவள் குனிந்தபடியே இருந்தாள்.

"வாயால சொல்லணும். இல்ல, தலையாவது தெளிவா ஆட்டணும்" என்றார் அதிகாரி.

தலை ஆடியது. மேலும் கீழும் ஆடியது, பக்கவாட்டிலும் ஆடியது. விழுந்த நாளில் இருந்து அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது.

"கய்யப் பாருங்க சார்" என்றார் கப்ரால்.

"பாக்குறேன். அத எழுத இதுல எடமில்ல."

மூன்றாம் தடவையும் கேட்டார். பிறகு நோட்டை மூடினார். பேச்சு திரும்பினால் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன் என்றார். அவர் கெட்டவர் இல்லை. செருப்பு போடாமல் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து போட்டுக்கொண்டு போனார்.

பெரிம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் தாலியிலிருந்து பெரியப்பா விரலைப் பிரித்து எடுத்தாள்.

தினமும் காலையில் அவரைப் பேச வைக்கப் பார்த்தோம். சம்மதம் என்று நான் சொல்வேன், அவர் வாயைப் பார்ப்பேன். ஒரு நாள் ச மாதிரி வந்தது. மறுநாள் அதுவும் வரவில்லை. ஆவணி நான்காம் தேதி இறந்துபோனார்.

நாங்கள் ஏழு பேரும் மெடல் குத்திக்கொண்டு வந்தோம். பிரெஞ்சுக் கொடி போர்த்தினோம். வெள்ளைக்காரர் ஒருத்தர் புதுச்சேரி பிரெஞ்சு ஆபீசிலிருந்து மாலை கொண்டு வந்தார். குடும்பத்தார் யார் என்று கப்ராலிடம் கேட்டார். கப்ரால் பெரிம்மாவைக் காட்டினார். அதற்குள் தம்பி மகன்கள் முன்னால் வந்து நின்றுகொண்டார்கள். கொள்ளியும் அவர்களே வைத்தார்கள்.

பதினாறாம் நாள் தாலி வாங்க ஊர்ப் பெண்கள் வந்தார்கள். ஆம்பிளைகள் வாசலில் நின்றோம். பூ வைத்து, வளையல் போட்டு, உட்கார வைத்திருந்தார்கள். வயசான ஒருத்தி தாலியில் கை வைத்தாள். பெரிம்மா அந்தக் கையைப் பிடித்தாள்.

"எழுதாத தாலிதான இது. எதுக்குக் கழட்டுறீங்க?"

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. வாசல் வரை கேட்டது. வழக்கம்தானே பெரிம்மா, கொடு என்று யாரோ சொன்னார்கள். அவளே கழட்டிக் கொடுத்தாள். புதுக் கயிறு, மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை.

கப்ரால் ஒரு வருஷம் பென்ஷன் ஆபீசுக்குக் கடிதம் எழுதினார். ஊர்க்காரர்கள் நாற்பது பேர் கைநாட்டு வைத்துக் கொடுத்தோம். திருமணப் பதிவு இல்லை என்றே ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. வீட்டைத் தம்பி மகன்கள் எடுத்துக்கொண்டார்கள். பெரிம்மா பின்னால் மாட்டுக்கொட்டகையில் இருந்தாள். பிறகு அதுவும் வேண்டாம் என்று பாகூரில் தூரத்து உறவு ஒருத்தி வீட்டுக்குப் போய், களையெடுக்கும் கூலிக்குப் போனாள். ஏழு பேரும் முறை வைத்து அரிசி கொண்டுபோய்க் கொடுத்தோம். என் முறை வரும்போதும் வாங்கிக்கொள்வாள். மாடு நல்லா இருக்குதா என்று கேட்பாள். வேறு ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அதற்குப் பிறகு எந்தச் சொல்தா வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி நான்தான் கேட்பேன். மேரியில் எழுதியாயிற்றா. எழுதாதவர்கள் ஐந்து வீடு இருந்தது. மறு வருஷம் மணப்பட்டில் ஒரு செம்படவர், எங்களோடு பட்டாளத்தில் இருந்தவர், அவரும் எழுதவில்லை என்றார். ஆடி நடந்துகொண்டிருந்தது. போகட்டுமே என்றார்.

"ஏறுய்யா வண்டியில" என்றேன். அவர் மனைவி அழுதுகொண்டே ஏறினாள்.

பாகூருக்குள் நுழையும் முன் கழனியில் பெண்கள் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பெரிம்மா இருந்தாள். வண்டியைப் பார்த்து நிமிர்ந்தாள். உள்ளே நல்ல புடவை கட்டி உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தாள். எங்கே போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சீக்கிரம் ஓட்டு" என்றாள்.

ஓட்டினேன்.